திருப்பணியும் அரசின் பொருளும்

கோயிலைப் புதிதாக எடுத்தல் ஓர் அறம். எடுத்த கோயில் சிதையாமற் காத்தல் பிறிதோர் அறம். இவ்விரண்டனுள் யாது பெரிதென்று வினவுவார்க்குச் சோழநாட்டுக் கோயிற் சுவர்களே விடை பகர்ந்து நிற்கின்றன. நிலமும் பொன்னும் அளித்தாரும், நந்தாவிளக்கு எரித்தற்பொருட்டுச் சாவா மூவாப் பேராடுகளை விட்டாருமாகிய பண்டை மாந்தர், தம் பெயரையும் தாம் அளித்தவற்றையும் கல்லிற் பொறித்து முடித்தபின், இவ்வறத்தைக் காப்பாருடைய திருவடிகள் தம் தலைமேலன என்னுங் கருத்தமையவும் எழுதிச் சென்றனர். கொடுத்தவன் தலைமேற் கொள்வது காப்பவன் அடியை. அக்காப்பவன் யாவன், எக்குலத்தான், எந்நூற்றாண்டிற் பிறப்பான் என்பன கொடுத்தவன் அறியாதன. அறியாத ஒருவனைத் தன் அறத்திற்குத் துணையாக நம்பி அவன் வணங்கினான். அந்நம்பிக்கையின் பொறை பின்வந்தார் அனைவர்மேலுங் கிடக்கின்றது.

அக்காப்பாருடைய இடத்தில் இந்நாளிற் பெரும்பாலும் நிற்பது அரசு. கர்சன் பிரபு ஆண்ட காலத்தே, 1904-ஆம் ஆண்டிற் பண்டைச் சின்னங்களைப் பேணுஞ் சட்டம் ஒன்று பிறந்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தன என்று அறிவிக்கப்பட்டவற்றிற்கு 1958-இற் பாராளுமன்றம் இயற்றிய சட்டமே இன்று ஆணையாகும். தஞ்சை இராசராசேச்சரமும், கங்கைகொண்ட சோழேச்சரமும், தாராசுரத்து ஐராவதேச்சரமும், காஞ்சிக் கயிலாயநாதர் கோயிலும் அவ்வரிசையில் உள்ளன. இவற்றுள் தஞ்சைக் கோயில் 1987-இலும், ஏனைச் சோழர் கோயில்கள் இரண்டும் 2004-இலும் உலக மரபுச் சின்னங்களாக யுனெஸ்கோ அவையத்தால் ஏற்கப்பட்டன. இவற்றின் கட்டடப் பழுது பார்த்தற்கு ஆகுஞ் செலவை நடுவணரசின் தொல்லியல் துறை தாங்குகின்றது. அவ்வரிசையிற் சேராது அறநிலையத் துறையின் ஆட்சியில் நிற்கும் பழங்கோயில்களுக்கெனத் தமிழ்நாட்டரசு 2022-23-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், ஆயிரம் ஆண்டு கடந்தவற்றின் திருப்பணிக்காக 100 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. இடிந்த மதிலும் ஒழுகும் மண்டபமுங் கண்டு நெஞ்சு புழுங்கும் சைவ நன்மக்கள் இவற்றைக் கேட்டு மகிழ்தல் இயல்பே. மகிழ்ச்சியோடு ஆராய்ச்சியும் வேண்டும். அரசு தரும் பொருள் யாருடையது? அதனைத் தருதல் அரசுக்கு முறையாமோ? பெறுதல் கோயிலுக்கு முறையாமோ? பெற்றபின் கோயில் கோயிலாகவே நிற்குமோ?

அரசின் பண்டாரத்திலுள்ள பொருள் பல சமயத்தார் இறுத்த வரியாகும். சைவர் இறுத்ததும் அதனுள் உண்டு. சமணரும் கிறித்தவரும் முகமதியரும் கடவுட்கொள்கை இல்லாதாரும் இறுத்ததும் அதனுள் உண்டு. ஒருவன் தான் வணங்காத தெய்வத்தின் இல்லத்திற்குத் தன் பொருளை வலிந்து வாங்குதல் அறமன்றெனச் சிலர் கடாவுவர். இக்கடா எளிதில் தள்ளத்தக்கதன்று. இந்திய அரசியல் நிருணயச் சட்டத்தின் 27-ஆம் உறுப்பும், ஒரு குறித்த சமயத்தை வளர்த்தற்கோ பேணுதற்கோ என்றே வகுக்கப்பட்ட வரியை இறுக்குமாறு ஒருவனையும் வலித்தலாகாதென விலக்குகின்றது. அவ்வாறாயின் அதே சட்டத்தின் 49-ஆம் உறுப்பு யாது கூறுகின்றது? தேசிய முக்கியத்துவமுடையதென அறிவிக்கப்பட்ட சின்னத்தையும் இடத்தையும் சிதைவினின்றும் அழிவினின்றும் காத்தல் அரசின் கடமை என்கின்றது. முன்னதிற்குப் பின்னது முரணன்று. ஒரு சமயத்திற்கென்றே தனிவரி வாங்குதல் வேறு; பொதுப் பண்டாரத்தினின்று நாட்டின் பழஞ்செல்வம் எச்சமயத்தாருடையதாயினும் ஒருபடித்தாகக் காத்தல் வேறு. தஞ்சை விமானத்திற்குச் செலவிடும் துறையே சித்தன்னவாசலின் சமணக் குகையோவியத்திற்கும் செலவிடுகின்றது. சைவன் இறுத்த காசு அருகன் குகைக்கும், சமணன் இறுத்த காசு சிவன் கோயிலுக்கும் செல்லுதலால் ஒருவர்க்கொருவர் கடன்பட்டு நிற்கின்றனரேயன்றி ஒருவரை ஒருவர் கவர்ந்தாரல்லர்.

இம்முறை புதியதுமன்று. சிவபத்தியிற் சிறந்த முதல் இராசராசன், நாகப்பட்டினத்திற் கடாரத்தரசன் பெயரால் எழுந்த சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை விட்டான். தந்தை விட்டதனை மைந்தன் இராசேந்திரன் செப்பேட்டில் நிலைபெறுத்தினான். லெய்டன் செப்பேடுகள் என வழங்குவன அவை. புத்தன் பள்ளிக்கு ஊர் விட்டமையால் அவ்வேந்தனது சைவம் குறைந்ததென்பார் எவரும் இலர். அப்பள்ளியின் எச்சமாக நெடுங்காலம் நின்ற கோபுரம் ஒன்று, ஆங்கில அரசின் இசைவோடு 1867-இல் ஏசுசபைப் பாதிரிமாரால் இடித்து நீக்கப்பட்டது. சிவனடியானாகிய மன்னன் பேணியதை வணிகக் கும்பினியின் வழிவந்த அரசு இடிக்க விட்டது. தன் சமயமல்லாததைக் காக்கும் பண்பே அரசின் காவலுக்கு உரைகல் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

இனி, அரசின் பொருளை ஈகையென்று கருதுவதே பிழையாதல் கூடும் என்பதும் எண்ணற்பாலது. மானியம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் கோயில் இரந்து நிற்பதாகவும் அரசு இரங்கி அளிப்பதாகவும் ஒரு தோற்றம் எழுகின்றது. வரலாற்றை நோக்குவார்க்கு அத்தோற்றம் நிலையாது. கங்கைகொண்ட சோழேச்சரத்தின் கதையைக் காண்க. 1836-ஆம் ஆண்டிற் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டுதற்குக் கருங்கல் வேண்டப்பட்டது. கும்பினி அரசின் பணியாளர் அக்கோயிலின் மதிலையும் வேறு கட்டடங்களையும் தகர்த்துக் கற்களை எடுத்துச் சென்றனர். ஊரார் தம்மால் இயன்றமட்டும் தடுத்தனர், தடுத்தமைக்காக ஒறுக்கவும்பட்டனர். கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதிலாவது எடுத்துத் தருவதாகச் சொன்ன சொல்லும் நிறைவேறவில்லை என்று அக்காலத்தை அடுத்து எழுதிய ஆங்கிலக் குறிப்பே நாணத்தோடு உரைக்கின்றது. அணை உழவர்க்குப் பயன்பட்டது, அதனை மறுப்பாரில்லை. ஆயின் மலையிலே கல் இருக்கக் கோயிலிலே கல் எடுத்தது எளிமை நோக்கியேயன்றி இன்றியமையாமை நோக்கியன்று. அக்கோயிலுக்கு இன்று அரசு செலவிடும் பொருளை ஈகை என்பதா, காலந்தாழ்ந்து இறுக்கும் கடன் என்பதா?

இங்ஙனமே திருவிதாங்கூரிற் கர்னல் மன்றோ என்பார் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த காலத்தில், 1811-ஐ ஒட்டி, மிகப் பல கோயில்களின் நிலங்கள் அரசின்பாற் சேர்க்கப்பட்டன. அக்கடன் முற்றும் மறக்கப்படவில்லை. 1956-இல் அரசியல் நிருணயச் சட்டத்திற் புகுத்தப்பட்ட 290-அ என்னும் உறுப்பு, ஆண்டுதோறும் கேரள அரசின் பண்டாரத்தினின்று 46 இலக்கத்து 50 ஆயிரம் ரூபாய் திருவிதாங்கூர்த் தேவசுவ நிதிக்கும், திருவிதாங்கூரினின்று பிரிந்து தமிழகத்தோடு இணைந்த பகுதியின் கோயில்களுக்கெனத் தமிழ்நாட்டரசின் பண்டாரத்தினின்று 13 இலக்கத்து 50 ஆயிரம் ரூபாயும் தரப்படல் வேண்டும் என்று விதிக்கின்றது. 1956-இல் இத்தொகை பெரிது; இன்று ஒரு கோபுரத்தின் சாரத்திற்குப் போதுமோ என்பது ஐயம். நிலத்தை வாங்கிக்கொண்டு எண் மாறாத தொகையைத் தருவான், நெல்லை வாங்கிக்கொண்டு உமியைத் தருவானை ஒப்பான். நெல் விலை ஏறும்; உறுப்பிலுள்ள எண் ஏறாது. தமிழகத்துக் கோயில்கள் பல தம் இழந்த மானிய நிலங்களுக்கு ஈடாகத் தஸ்திக் என்னும் பெயராற் பெற்றுவரும் சிறுதொகைகளின் நிலையும் இதுவே.

மற்றொரு வினா சித்தாந்தஞ் சார்ந்தது. கோயிற்பணி சிவபுண்ணியம். புண்ணியம் செய்வான் ஓர் உயிராதல் வேண்டும். அரசு என்பது உயிரன்று; பலர் கூடிய கூட்டத்திற்கு இட்ட பெயர். பெயருக்கு வினையும் இல்லை, வினைப்பயனும் இல்லை. இராசராசன் விமானத்தின்மீது செப்புக்குடம் வைக்கத் தன் ஆட்சியின் 25-ஆம் ஆண்டு 275-ஆம் நாளிற் கொடுத்தபொழுது கொடுத்த கை ஒன்றிருந்தது. அக்கைக்குப் பின்னே ஒரு நெஞ்சும் இருந்தது. தான் கொடுத்தனவும், தமக்கை கொடுத்தனவும், தேவியர் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் ஒருங்கே கல்லில் வெட்டுக என்று ஆணையிட்டதும் அந்நெஞ்சே. இன்று கைச்சாத்திடும் செயலாளர் தம் நெஞ்சிற் சிவனை நினைத்தாரோ, மதிய உணவை நினைத்தாரோ, அறிவார் யார்? நெஞ்சில்லாத கொடை சிவபுண்ணியமாதல் எங்ஙனம்?

இதற்கு விடை மறைக்காட்டு எலியினிடத்து உள்ளது. திருமறைக்காட்டுத் திருக்கோயிலில் நெய்யுண்ண வந்த எலியொன்று அவியுந் தறுவாயிலிருந்த விளக்கின் திரியைத் தன்னையறியாது தூண்டிற்று. அப்பயனால் மறுபிறப்பில் மாவலியாயிற்று என்பது புராணம். அறிந்து செய்யுஞ் சிவபுண்ணியத்தைப் புத்திபூர்வம் என்றும், அறியாது செய்வதை அபுத்திபூர்வம் என்றும் நூலோர் பகுத்தனர். இரண்டற்கும் பயன் உண்டு, அளவு வேறு. ஆகலின் அரசின் பொருள் கோயிலுக்குச் செல்லும் வழியில் எத்துணை உயிர்கள் அதனைத் தொடுகின்றனவோ அத்துணைக்கும் தத்தம் நினைவின் அளவிற்குப் பயன் உண்டென்றே கொள்ளற்பாலது. வரியிறுத்தோர்க்கு எலியின் பயன். கைச்சாத்திட்டோர்க்கு அவர் நினைந்த அளவு. சுண்ணாம்பைக் கடுக்காய் நீரோடு பதமாக அரைத்துப் பழங்கல்லின் இடுக்கை நிரப்பும் கொத்தன், அவ்வேலையைத் தன் வீட்டு வேலையினுங் கருத்தோடு செய்வானாயின், அம்மானியத்தின் பெரும்பங்கு புண்ணியம் அவனுடையதென்று சொல்லுதலில் இழுக்கொன்றும் இல்லை.

அறியாது செய்த நன்மைக்குப் பயன் உண்டெனின், அன்போடு செய்த தீமைக்கு யாது சொல்வது? ஈண்டே இப்பொருளின் முள் தைக்கும் இடம் உள்ளது. சென்ற சில தலைமுறைகளிற் பழங்கோயில்களுக்கு நேர்ந்த சிதைவுகள் எல்லாம் பகைவர் செய்தன அல்ல. அடியார் செய்தனவும் மிகப் பல. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவான் விரும்பி, மணலை விசையோடு கல்லின்மேற் பாய்ச்சித் துப்புரவு செய்தனர். பிசுக்கோடு கல்லின் மேற்றோலும் போயிற்று. எழுத்தின் விளிம்புகள் மழுங்கின. சிற்பத்தின் இமையும் இதழும் தேய்ந்தன. கருங்கற் சுவருக்கு நிறவண்ணம் பூசினர். பட்டியற்கல் பாவிய தளத்தின்மேற் பளபளக்கும் ஓடுகளைப் பதித்து, கோமுகை நீர் செல்லும் வழியை அடைத்தனர். கல்வெட்டுள்ள கல்லைத் தலைகீழாகத் திருப்பிப் படியாக இட்டாரும் உளர். மின்விளக்குக் குழலின்மேல் உபயகாரர் பெயரை ஒளி மறையுமாறு எழுதி வைத்தல் போல்வன சிறு குற்றங்கள். அவை சிரித்து விடத்தக்கன. எழுத்தழித்தல் அத்தகையதன்று. முற்கூறியவாறு காப்பான் அடியைத் தலைமேற்கொண்ட ஒருவனுடைய சொல் அக்கல்லில் இருந்தது. அதனை அழித்தவன் அவ்வறத்தையே அழித்தான்.

கண்ணப்பர் வாயில் நீர் கொண்டு திருமஞ்சனம் ஆட்டியதை அன்பெனக் கொண்ட இறைவன், ஓடு பதித்தவன் அன்பை மட்டும் கொள்ளானோ என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நன்று. கண்ணப்பர் இட்ட ஊனைச் சிவகோசரியார் மறுநாட் காலையில் அலகிட்டு நீக்கித் திருமுழுக்காட்ட, அவ்விடம் முன்போற் றூய்மையுற்றது. அவர் செய்த யாதொன்றும் மீளாத கேட்டினை விளைத்ததில்லை. மேலும் அவர் கெடுத்துக்கொண்டது தம் கண்ணையே. பிறர் வைத்த பொருளை அன்று. மணல் வீசித் தேய்த்த கல்லை எச்சிவகோசரியார் மறுநாள் மீட்பார்? அன்பு அளவிலாததாயினும் கல் அளவுடையது. ஆகவே பொருளைத் தருகின்ற அரசு, இன்னது செய்க, இன்னது செய்யற்க என்று கட்டளையும் சேர்த்துத் தருமாயின், அக்கட்டளையைச் சமயத்தின்மேல் தொடுத்த படையாகக் கருதுதல் கூடாது. சென்னை உயர்நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டு சூன் 7-ஆம் நாள், பழஞ்சின்னங்களையும் கோயில்களையும் பேணுதல் பற்றி 75 கட்டளைகளைப் பிறப்பித்தது இத்தகைய சிதைவுகள் கண்டே.

பழமையைக் காத்தலும் புதுக்குதலும் ஒன்றற்கொன்று பகையோ எனின், அன்று என்பதற்குச் செம்பியன் மாதேவியார் சான்றாவார். கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தமசோழரின் அன்னையாருமாகிய இவ்வம்மையார், செங்கற் றளிகள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார். திருக்கோடிகாவிற் கோயிலைப் புதுக்கியபொழுது பழஞ்சுவரிலும் தனிக்கற்களிலும் இருந்த முன்னோர் கல்வெட்டுக்களைப் பெயர்த்தெறியாது, அவற்றை எழுத்தெழுத்தாகப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டுவித்தார். அவை பழங்கல்லின் படி என்னுங் குறிப்பும் உடன் பொறிக்கப்பட்டது. பல்லவர் காலத்துக் கொடையும் அதனால் இன்று அறியக் கிடக்கின்றது. தாம் பணம் கொடுத்துக் கட்டிய சுவரில் தமக்கு முன்னே கொடுத்தாருக்கு இடம் விட்டார். கோனேரிராசபுரம் என்று இப்பொழுது வழங்கும் திருநல்லத்துக் கற்றளியையோ தம் பெயரால் அன்று, கணவர் பெயரால் எடுப்பித்தார். துறைகளும் சட்டங்களும் இல்லாத காலத்தே, காத்தல் யாது என்பதை அவ்வம்மையார் அறிந்திருந்தார். அவர் செய்ததனுள், புதுப்பித்தல் சிவாகம விதியைச் சார்ந்தது. படியெடுத்தல் இன்றைத் தொல்லியலாரும் தலைவணங்குவது.

எனினும் தொல்லியலாரின் நோக்கமும் ஆகம நோக்கமும் யாண்டும் ஒத்துச் செல்லும் எனல் உண்மையன்று. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் ஆலயத்தை அரன் எனவே தொழுக என்னும் பொருளுடையது. தொழுவானுக்குக் கோயில் இறைவன் திருமேனி. ஆராய்வானுக்கு அது கி.பி. இத்தனையாம் நூற்றாண்டின் கட்டடம். திருமேனியில் உறுப்புக் குறைந்த படிமத்தை மாற்றுக என்பது ஆகமம். குறைந்தவாறே வைக்க என்பது தொல்லியல். பன்னிரண்டாண்டிற்கொருமுறை குடமுழுக்கு என்பது வழக்கு. தஞ்சையில் 1997-இல் யாகசாலைப் பந்தலிற் பற்றிய தீயில் நாற்பதின்மர்க்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். அடுத்த குடமுழுக்கு 23 ஆண்டு கடந்து 2020 பிப்ரவரி 5-ஆம் நாளிலேயே நிகழ்ந்தது. காவலில் ஏற்கப்பட்ட காலத்தே பூசை நடந்துகொண்டிருந்த கோயில்களிற் பூசை தடையின்றி நடக்கின்றது. வழிபாட்டிடத்தை அதன் இயல்பிற்கு மாறான செயலுக்குப் பயன்படுத்தலாகாதென்று 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் விலக்கியுள்ளது. பூசை நின்றபின் ஏற்கப்பட்டவற்றிலோ மீண்டும் விளக்கேற்றுதற்குத் துறை பொதுவாக இசைவதில்லை. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் காண வருவார் சீட்டு வாங்கிக்கொண்டு வருகின்றனர். அருச்சனைத் தட்டு ஏந்தி வருவாரில்லை. பூசையின்றிக் கற்கள் செவ்வனே நிற்கும் கோயில், உயிர் நீங்கிய பின்னும் அழுகாமல் வைக்கப்பட்ட உடலை ஒக்கும் என்று வருந்துவார் வருத்தம் பொருளுடையது. தொல்லியல் துறையின் தலைவராயிருந்த சர் ஜான் மார்ஷல் 1923-இல் வெளியிட்ட பேணுகை நூலிலேயே, வழிபாட்டில் உள்ள சின்னங்களை ஆராய்ச்சி நோக்கம் மட்டும் வேண்டும் அளவினும் மிகுதியாகப் புதுப்பிக்க நேரும் என்று ஒப்பியிருக்கின்றார். நூறாண்டுக்கு முன் அயலார் ஒருவர் கண்ட இவ்வேறுபாட்டை இந்நாளிற் சுற்றறிக்கை எழுதுவார் சிலர் காணாமை வியப்பு.

கோயிற் பெருமை கல்லில் உள்ளதோ நினைவில் உள்ளதோ என்னும் வழக்குப் பழையது. காடவர்கோன் காஞ்சியிற் கற்றளி எடுத்துக் கடவுண்மங்கலத்திற்கு நாள் குறித்தான். திருநின்றவூர்ப் பூசலாரோ பொருளின்மையால் நெஞ்சிலே கோயில் எடுத்து அந்நாளையே குறித்தார். இறைவன் வேந்தன் கனவிற் றோன்றி, நின் நாளை மாற்றுக, யாம் பூசல் கோயிலுக்குச் செல்லுகின்றோம் என்றருளினன் என்பது திருத்தொண்டர் புராணத்தாற் போந்த வரலாறு. அக்கற்றளி இராசசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த கயிலாயநாதர் கோயிலே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அக்கோயில் இன்று தேசிய முக்கியத்துவம் பெற்று நிற்கின்றது. பூசலார் கோயிலுக்குப் பட்டியலில் இடமில்லை, மானியமும் இல்லை, பழுதும் இல்லை. இதுகொண்டு கற்கோயிலை இகழ்தல் ஆகாது. இறைவன் வேந்தனிடம் நாளை மாற்றுக என்றானேயன்றிக் கோயிலை விடுக என்றானல்லன். அவ்வேந்தன் கோயில் பதின்மூன்று நூற்றாண்டாக எத்துணையோ பேர் நெஞ்சிற் கோயில் எழுதற்குப் படியாக நின்றுள்ளது.

பட்டியலால் விளையும் ஒரு கேடு தனித்து நோக்கத்தக்கது. பட்டியல் என்றாலே முன்னும் பின்னும் உண்டு. கலைநலமும் காலப் பழமையுங் கொண்டு அரசு வரிசைப்படுத்துகின்றது. அதற்கு வேறு அளவுகோல் இருத்தல் அரிது. ஆயின் தேவாரப் பாடல் பெற்ற சிற்றூர்த் தலங்களுள் விமானம் சிறுத்து, மூர்த்தி மட்டும் பழையதாய், ஒரு வேளை நைவேத்தியத்திற்கு ஒரு குருக்கள் இரண்டு மூன்று ஊருக்கு மிதிவண்டியில் அலைகின்ற நிலையில் உள்ளன பல. சிவலிங்கத்திற்கு இவ்வரிசை இல்லை. ஒருகாலப் பூசைத் திட்டம் என்ற பெயரால் நிதிவசதியற்ற கோயில்களுக்குத் தமிழ்நாட்டரசு வைப்புநிதி அளித்து வருகின்றது. 2021-இல் அத்திட்டத்திலிருந்த 12,959 கோயில்களுக்கும் தலா 1 இலக்கமாயிருந்த வைப்புநிதி 2 இலக்கமாக்கப்பட்டது. இரண்டு இலக்கத்தின் வட்டி ஒரு திங்களுக்கு எவ்வளவாகும் என்பதை எவருங் கணக்கிடலாம். எண்ணெய்க்கும் அரிசிக்கும் அதிற் பங்கிட்டபின் குருக்களுக்கு எஞ்சுவது சிறிது. இத்தொகையைக் குறைகூறுதல் நோக்கமன்று. இராசராசேச்சரத்துக் கல் ஒன்றை மாற்றுதற்கு ஆகுஞ் செலவையும் இதனையும் அருகருகே வைத்துக் காண்பார்க்கு, கல் உயர்ந்ததோ விளக்கு உயர்ந்ததோ என்னும் வினா தானே எழும். இரண்டும் வேண்டும் என்பது விடையாமாயினும், எது முன் என்பது அரசுக்கு மட்டும் விடப்பட்ட முடிபன்று. பெருங்கோயில்களை அரசு பார்த்துக்கொள்ளும் என்று செல்வர் கையொடுக்கிக் கொள்ளாது, தம் ஊர்ச் சிறுகோயிலின் ஒரு விளக்கை ஏற்பாராயின் அவ்வினாவின் கூர் மழுங்கும். அரசு கொடுத்தலால் அடியார் கொடுத்தல் நின்றுவிடுதலே மானியத்தால் விளையக்கூடிய கேடுகளுட் பெரிது.

செலவு பற்றி இன்னுமொன்று. மானியம் என்பது மதிப்பீடு இட்டு, ஒப்பந்தம் கோரி, பணி முடித்துக் கணக்குக் காட்டற்குரியது. ஆதலின் பெரும்பணிக்கே அது பொருந்துகின்றது. விமானத்தின் கல்லிடுக்கிற் பறவை எச்சத்தால் விழுந்த அரசம்வித்து ஒப்பந்தத்திற்குக் காத்திராது. முதல் மழையில் இருவிரல் முளைக்கும். மூன்றாம் மழைக்குள் வேர் கல்லைப் பிளக்கும். முதல் ஆண்டில் ஒரு கையாற் பிடுங்கத்தக்கது பத்தாம் ஆண்டிற் பல இலக்கத்துத் திருப்பணியாகின்றது. பழங்கோயில்களின் அழிவில் இடியும் பகையும் செய்ததினும் ஆலும் அரசும் அடைபட்ட மழைநீர்த் தூம்பும் செய்தது மிகுதி. திருநாவுக்கரசர் கையில் உழவாரம் இருந்தமைக்குப் பொருள் இதுவேயாம். அவர் சென்ற தலங்களிற் புல் செதுக்கினாரேயன்றிப் பொன் வேய்ந்தாரல்லர்.

அரசின் காவலிலுள்ள கோயில்களில் அடியார் தாமே உழவாரம் எடுத்துப் புகுதல் இன்று விதிக்கு ஒவ்வாது. கல்லறியாத கை முளையைப் பிடுங்குகையிற் சுதையையும் உடன் பெயர்த்துவிடும் என்று துறையார் அஞ்சுதல் நியாயமே. அதற்கு வழி தடுத்தலன்று, பயிற்றுதல். மழைக்காலத்திற்கு முன் ஒருநாளும் பின் ஒருநாளும் துறையின் பணியாளர் ஒருவர் உடன்நிற்க, ஊரார் மதில்மேலும் பிராகாரத்தும் உள்ள முளைகளைக் களைந்து, தூம்புகளைத் திறந்துவிடுதற்கு ஒரு கோடி ரூபாய் வேண்டா; ஓர் ஆணையும் இரண்டு நாளும் போதும். விமானத்தின்மேல் ஏறுதற்குரியார் துறையின் ஆட்களே. அவர்க்கு வேண்டும் சாரத்தையும் கூலியையும் ஆண்டுச் செலவிற் சேர்த்துவிடின், பத்தாண்டிற்கொருமுறை கேட்கும் பெருமானியம் தானே சுருங்கும்.